தெற்கு ஓரத்தில் ஒரு பெயர்

அந்தத் திங்கட்கிழமை காலை அந்துவானின் கணினி அணைந்தே இருந்தது. எனக்கு முன்னால் வந்து அதைப் போட்டுவிட்டு டீ சொல்லக் கீழே இறங்குவது அவன் வழக்கம். சனிக்கிழமை பாதியில் விட்ட புரூஃபைப் பிரித்துச் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றும்போது மானேஜர் கையில் போனோடு என் மேசைக்கு வந்தார்.

"மேடம், அந்துவான் இறந்துட்டாராம். நேத்து சாயங்காலம், வீட்லயே. ஹார்ட் அட்டாக்குன்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றாரு." போனைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு, "அந்த உயிரியல் புக் படமெல்லாம் எந்த ஃபோல்டர்ல வச்சிருக்காருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியும். பேனாவை மூடிவிட்டு உப்பளத்தில் இருக்கும் அவன் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

இறந்தவரைப் பற்றி எழுதும்போது 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எனக்குக் கை வரவில்லை. என்னைவிட வயதில் மிகவும் சின்னவன், என்னை அக்கா என்று கூப்பிட்டவன். அவனை அறிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். எங்களோடு வேலை பார்த்த முருகா, சென்னையில் இருக்கும் நீயும், கடலூரில் இருக்கும் சாந்தியும் கட்டாயம் படிக்க வேண்டும்.

கடலோரக் குருசுக்குப்பம் பக்கம், மாடியில் இருக்கிறது எங்கள் டைப்செட்டிங் ஆபீஸ். வெளிநாட்டுப் பதிப்பாளர்களின் புத்தகங்களைப் பக்கம் பக்கமாக அடுக்கிக் கொடுப்பது வேலை. நான் சொல்வது கணினித் திரைகளுக்கு இன்னும் தொப்பை இருந்த காலம். படங்களை நாங்கள் மவுஸால் இழுத்து வரைவதில்லை. இங்கே ஒரு கட்டம், அதன் பெயர் இது, இதிலிருந்து அதற்கு ஓர் அம்பு என்று வரிவரியாக எழுதிக் கொடுத்தால் கணினி படமாக்கித் தரும். அந்தப் படத்தில் சில கட்டங்கள் ஒரே கூட்டம் என்று காட்ட, அவற்றைச் சுற்றி ஒரு கோடு வேண்டும். சதுரமாக இருந்தாலும் கோணலாக இருந்தாலும் எங்கள் ஆபீஸில் அதற்கு வளையம் என்றுதான் பெயர்.

அந்துவான் வருவதற்கு முன்னால் முருகன்தான் வளையம் போடுவான். நான்கு மூலைகளையும் கணக்குப் பண்ணி எழுதுவான். நூலாசிரியர் ஒரு கட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னால் போச்சு. கட்டம் நகர்ந்துவிடும், வளையம் பழைய இடத்திலேயே நிற்கும். "வேலி இங்க இருக்கு, ஆடு எங்கப்பா?" என்று நான் புரூஃபின் ஓரத்தில் எழுதி அனுப்புவேன். முருகன் என்னைப் பார்த்தாலே பாத்ரூம் பக்கம் போய்விடுவான்.

அந்துவான் வந்த புதிதில் இப்படி ஒரு புரூஃப் அவன் மேசைக்குப் போனது. வாங்கிப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தான். "அக்கா, கோட்ட நாம போடக் கூடாது. யார் யாரு உள்ள இருக்காங்கன்னு பேரை மட்டும் சொல்லணும். கோடு தானா வரும்." அதற்கு ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தான். கூட்டத்தில் இருப்பவர்களின் பெயர்களை அடுக்கினால் போதும். அவர்கள் எங்கே நின்றாலும் கோடு தேடிப் போய் எல்லோரையும் சுற்றிக்கொண்டு வரும். ஒரு கட்டத்தைப் பக்கத்தின் மூலைக்குத் தள்ளிக் காட்டினான். வளையம் அதுவரைக்கும் நீண்டது. "வொலா!" என்றான், 'இதோ பாருங்க' என்பதைப் பிரெஞ்சில். நான் உதட்டைப் பிதுக்கினேன். உள்ளுக்குள் எனக்குப் பிடித்திருந்தது.

அவனும் சொதப்பாதவன் இல்லை. வளையத்துக்குள் வெளிர் நீலம் பூச வேண்டும் என்று ஒரு நூலாசிரியர் கேட்க, இவன் கட்டங்களை எல்லாம் முதலில் வரையச் சொல்லிவிட்டு, வளையத்தைக் கடைசியில் எழுதியிருந்தான். நீலம் எல்லாவற்றுக்கும் மேலே போய் அப்பிக்கொண்டது. அச்செடுத்தால் பக்கம் முழுக்க நீலம், ஒரு பெயர் கிடையாது. "கடலை அச்சடிச்சிட்டியா? எதிர்லயே இருக்குதே, பத்தாதா?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான். வளையத்தைப் பின்னால் இருக்கும் அடுக்குக்குத் தள்ளிச் சரிசெய்துவிட்டு, "சுத்தி நிக்கறவன் பின்னாடி நிக்கணும்க்கா. முன்னாடி வந்தா எல்லாரையும் மறைச்சிடுவான்" என்றான். அவனும் அப்படித்தான் இருந்தான். ஆபீஸில் எடுத்த எந்தப் போட்டோவிலும் அவன் முகம் பாதிதான் தெரியும்.

அவன் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அண்ணன்களும் அக்கா லூசியும் ஒவ்வொருவராகப் பிரான்ஸுக்குப் போய்விட்டார்கள். அம்மாவுக்காக இவன் இருந்தான். அம்மா போன பிறகும் இருந்தான். "எங்கிட்டயும் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்குக்கா. போவ மனசு வரல" என்பான். பெரிய வீட்டில் ஒற்றை ஆள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லூசி போன் பண்ணுவாள். அந்த ஒரு போனுக்காக வாரம் முழுக்க விஷயங்களைச் சேர்த்து வைப்பான்.

என் கதை வேறு, முடிவு ஒன்றுதான். கணவர் போன பிறகு எனக்கும் வீட்டில் பேச ஆளில்லை. ஆபீஸில் நான்தான் ஒரே புரூஃப் பார்ப்பவள். என் மேசை வடக்கு ஜன்னலோரம், காகிதக் கட்டுகளுக்குப் பின்னால். வாயைத் திறந்தால் தப்புதான் சொல்வேன் என்று யாரும் பக்கத்தில் வர மாட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டை ஜன்னலைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிடுவேன். அதுதான் நிம்மதி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை மானேஜர், வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்ற வரைபடத்தைச் சுவரில் ஒட்டச் சொன்னார். அந்துவான்தான் எழுதினான். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வளையம். ஒட்டியதும் எல்லோரும் போய்ப் பார்த்தார்கள், நானும் போனேன். படப் பிரிவின் வளையம் தெற்கு மூலையில் அந்துவான், சாந்தி, முருகன் மூவரையும் சுற்றிக்கொண்டு, அங்கே நிற்காமல், கூடத்தைத் தாண்டி, வடக்கு ஜன்னல்வரை நீண்டு, என் பெயரையும் உள்ளே போட்டுக்கொண்டு போயிருந்தது.

"என்னங்க இது, சுரைக்காய் மாதிரி இருக்கு?" என்றார் மானேஜர்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரைக் கேட்டு என் பேரைச் சேர்த்தே?" என்று அவன் மேசைக்கே போய்க் கத்தினேன்.

"பேரை மட்டுந்தான் எழுதினேன். வந்து உங்களைக் கூட்டிட்டுப் போனது கோடுக்கா" என்றான். பிறகு சாப்பாட்டு நேரத்தில் தன் டப்பாவோடு என் ஜன்னலோரம் வந்து நின்றான். "வளையத்துல இருக்கீங்க. சாப்பிட வாங்க."

போகவில்லை. மறுநாளும் வந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான். கடைசியில் அவன் தொல்லை தாங்காமல் போனேன் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அன்று காலையிலேயே கத்தரிக்காய்ப் பொரியலை நான்கு பேருக்குச் செய்து எடுத்து வந்திருந்தேன். சாந்திக்கு அது இன்னும் நினைவிருக்கும்.

பிறகு முருகன் சென்னைக்குப் போனான். சாந்தி கல்யாணமாகிக் கடலூருக்குப் போனாள். அந்துவான் நிரலில் அவர்கள் பெயர்களை எடுக்க, வளையம் ஒவ்வொரு முறையும் மெலிந்தது. கடைசியில் அவனும் நானும் மட்டும், கூடத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக ஒரு குச்சி போல இருந்தோம். மத்தியானம் இரண்டு டப்பாக்கள். அதிகம் பேச மாட்டோம்.

அடக்கத்தன்று லூசி வந்து சேரும்வரை காத்திருந்தார்கள். உப்பளம் கல்லறையில் கூட்டம் அதிகமில்லை. மண் போட வீட்டு ஆட்கள் முன்னால் வரலாம் என்று சர்ச் சாமியார் சொன்னார். நான் மதிலோரம் நின்றுகொண்டேன். நான் யார், எந்த உரிமையில் முன்னால் போவது? ஆபீஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள்கூட இல்லை, கூடத்தின் மறுகோடியில் உட்கார்ந்தவள். அப்போது கறுப்பு உடையில் ஒரு பெண் கல்லறைகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றி, சறுக்கும் செருப்போடு, நான் நின்ற இடத்துக்கே வந்தாள்.

"நீங்கதானே கற்பகம் அக்கா? ஞாயித்துக்கிழமையானா உங்க கதையத்தான் சொல்லுவான். ஏன் இங்க வந்து நிக்கறீங்க? வாங்க."

கையைப் பிடித்து அழைத்துப் போனாள் லூசி. அதுவரை நான் அழவில்லை. அந்த இடத்தில் அழுதேன். மண் போட்டேன்.

லூசி வீட்டைப் பூட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். எனக்கு மறுபடியும் ஜன்னல்தான். டப்பாவைத் திறந்தால் சோறு அதிகமாக இருக்கிறது. அளவு குறைக்கக் கை இன்னும் பழகவில்லை.

போன வாரம், அந்துவானின் இடத்துக்கு வந்திருக்கும் ரேவதியிடம் சுவர் வரைபடத்தைத் திருத்தச் சொன்னார் மானேஜர். அவள் அந்துவான் என்ற பெயரை அழித்துத் தன் பெயரை எழுதினாள். அது சரிதான், அங்கே உட்காருவது அவள். நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

"எனக்கு ஒரு பிரதி தனியா வேணும்மா. அதுல அவன் பேரையும் சேத்துடு."

"அவர்தான் இல்லையே மேடம்?"

"பேரை எழுது."

எழுதினாள். "எந்த இடத்துல வைக்கறது? அவர் சீட்ல நான் இருக்கேன்."

வரைபடத்தில் வடக்கு மேலே. அவன் இருக்கும் உப்பளம் கல்லறை தெற்கே. "ஆபீஸ் சுவரையெல்லாம் தாண்டிக் கீழே கொண்டு போ. இன்னும் கீழே. காகிதம் முடியற இடத்துல வை" என்றேன்.

"அவ்ளோ தூரம் வளையம் வருமா மேடம்?"

"வரும்."

வந்தது. என்னில் தொடங்கி, ரேவதியைத் தொட்டுக்கொண்டு, கூடத்தைவிட்டு இறங்கி, காகிதத்தின் அடிவரைக்கும் போய் அவனைச் சுற்றித் திரும்பியிருந்தது. ரேவதி அதை அச்செடுத்து என் கையில் கொடுத்தாள்.

சுவரில் இருப்பது மானேஜரின் வரைபடம். இது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. சாப்பிடும்போது பார்த்துக்கொள்வேன். மேலே இரண்டு பெயர், அடியில் ஒரு பெயர், நடுவே எழுத்தே இல்லாத நீண்ட வெள்ளைக் காகிதம். அந்துவான் எனக்கு விட்டுப்போனது அவ்வளவுதான். ஆனால் அந்த வெள்ளை முழுவதும் வளையத்துக்கு உள்ளேதான் இருக்கிறது.