கோட்டைச் சுவருக்குக் கீழே அலை

பேய்க்கதை சொல்லுகிற ஆட்களோடு எனக்குச் சரிவராது. ஸ்காபரோவில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன், எத்தனையோ பேர் என் கைக்குள்ளேயே கண்ணை மூடியிருக்கிறார்கள், ஒருவரும் திரும்பி வந்து என்னோடு கதைத்ததில்லை. ஆனால் போன மாசியில் நடந்ததை, நம்பினால் நம்புங்கள், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் கணவருக்கு அப்போதுதான் இதய ஆபரேஷன் முடிந்திருந்தது. டொக்டர் நடக்கச் சொன்னதால், டவுன்டவுனில் செக்கப் முடிந்த கையோடு பக்கத்திலிருந்த பழைய பட்டாளக் கோட்டைக்குப் போனோம். இருநூறு வருசத்துக்கு முன்னால் அமெரிக்கப் படை ஏரிவழியாக வந்து இறங்கிய காலத்தில் அங்கே சண்டை நடந்து, வெடிமருந்துக் கிடங்கு வெடித்து நிறையப் பேர் செத்தார்களாம். இப்போது அது பார்க்; நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள், பக்கத்தில் ஹைவே, சுற்றிவரக் கொண்டோ அடுக்குமாடிகள்.

நான் வாஷ்ரூம் போய் வருவதற்குள் பனி கொட்டத் தொடங்கி எதிரில் ஒன்றுமே தெரியவில்லை. விட்ட இடத்தில் அவரைக் காணோம், அவருடைய ஃபோனும் காருக்குள். "இஞ்சாருங்கோ, எங்க நிக்கிறியள்?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அங்கே வேலை செய்யும் பெண் ஓடிவந்து, ஆபரேஷன் செய்த ஆள் என்று நான் சொன்னதும் அம்புலன்சுக்கு அழைத்தாள். அந்தக் குளிரில் அவருடைய இதயம் தாங்குமா என்று நான் மாதாவைக் கூப்பிட்டு அழுதுகொண்டிருக்க, சுவரோரமாக அவர் ஆறுதலாக நடந்து வருகிறார்!

கட்டிப்பிடித்துக்கொண்டேன். "எங்க போனனீங்கள்?"

"வழி தெரியேல்லை. அலைச் சத்தம் கேட்டுது, கரையைப் பிடிச்சு நடந்தன். முன்னால ஒருத்தன் சிவப்புக் கோட்டோட போனான், அவன்ர பின்னால வந்திட்டன்."

அந்தப் பெண்ணுக்கு நான் ஆங்கிலத்தில் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. ஒரு காலத்தில் ஏரி இந்தச் சுவரின் அடிவரை இருந்ததாம், பிறகு மண் கொட்டி நிரப்பிவிட்டார்களாம், இப்போது ஏரிக்கு றோட்டெல்லாம் தாண்டிப் போகவேண்டுமாம். சிவப்புக் கோட்டு அந்தக் காலத்துக் கோட்டைப் பட்டாளத்தின் உடுப்பாம்; வந்தவர்களுக்குக் காட்ட அதைப் போட்டு நிற்கிற வேலையாட்கள் யாரும் அன்றைக்கு வரவில்லையாம்.

அம்புலன்ஸ்காரர் சோதித்துவிட்டு இதயம் நன்றாயிருக்கிறது என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆள் கிடைத்தது போதும், வேறென்ன வேண்டும்?

காரில் வரும்போது, "உது ஹைவேயில கார் ஓடின சத்தமப்பா" என்றேன்.

மன்னாரில் மீன்பிடித்த மனுசன் சிரித்தார். "எனக்கு அலை தெரியாதே? தாகமா இருந்துது, ரெண்டு கையாலயும் அள்ளிக் குடிச்சனான்."

இப்போது நல்ல சுகமாக இருக்கிறார். ஆனால் சில நாள் தண்ணீர் குடிக்கும்போது பாதியில் கிளாசை வைத்துவிட்டு, "அந்தத் தண்ணி மாதிரி இல்லை" என்கிறார்.