பயத்தை எண்ணிப் பார்த்த கோமதி டீச்சர்

கோமதி டீச்சர் காலமான செய்தி எனக்குத் தொலைபேசியில் வந்தது. பள்ளியில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அரையாண்டுத் தேர்வின் வரலாற்றுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர்தான் பேசினார். "சார், கணக்கு கோமதி டீச்சர் தவறிட்டாங்க. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக் கொண்டாந்துட்டாங்களாம். நம்ம ஸ்டாஃபுக்கெல்லாம் சொல்லணும்லா?" சொல்லச் சொன்னேன். கையிலிருந்த தாளைத் திருத்தி முடித்து, மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்ட பிறகே எழுந்தேன். இதைக் கல்நெஞ்சு என்று நினைக்கிறவர்கள் டீச்சருடன் வேலை பார்த்திருக்க மாட்டார்கள்.

அவருடன் வேலை பார்த்தவர்களுக்காகவும் அவரிடம் படித்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சங்கரன்கோவிலில் தெருவுக்கு நாலு பேருக்குக் கோமதி அம்மன் பெயர் இருக்கும். எங்கள் பள்ளியிலேயே ஒரே சமயத்தில் மூன்று கோமதிகள் இருந்தார்கள். தமிழ் கோமதி, சத்துணவு கோமதி, கணக்கு கோமதி. மூவரில் பிள்ளைகள் தாமாகப் போய்ப் பேசாத கோமதி இவர்தான். யாரையும் அடித்ததில்லை, கடிந்ததும் இல்லை. எவர் தலையையும் தடவிக்கொடுத்ததும் இல்லை. மணி அடித்தவுடன் வகுப்புக்குள் இருப்பார், அடுத்த மணி அடித்தவுடன் வெளியே இருப்பார். அப்படிப்பட்டவரிடம் பள்ளியின் மனநலப் பொறுப்பு வந்து சேர்ந்தது ஒரு தற்செயல்.

அவர் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் மனத்தளவில் எப்படி இருக்கிறார்கள் என்று கல்வியாண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து, முன்னேற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். கேள்விகள் அச்சிட்ட படிவம் இணைத்திருந்தார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். தலைமையாசிரியர் படிவக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். "கூட்டல் கழித்தல் இருக்கு. டீச்சர், நீங்க பாத்துக்கிடுங்க" என்று கோமதி டீச்சரிடம் கொடுத்தார். அவர் மறுக்கவில்லை.

வகுப்பாசிரியர்கள் படிவங்களைக் கொடுத்து நிரப்பி வாங்கினோம். அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் எல்லாக் கேள்விக்கும் ஐந்து போட்டிருந்தார்கள். பள்ளிக்கு வரப் பிடிக்கிறதா? ஐந்து. ஆசிரியரிடம் மனம்விட்டுப் பேச முடிகிறதா? ஐந்து. தலைமையாசிரியருக்கு முகமெல்லாம் சிரிப்பு. டீச்சர் கட்டைப் பிரித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொண்டுபோனார்.

"சார், பிள்ளைங்க கேள்வியப் பாத்து எழுதல. பக்கத்துல நின்ன நம்ம மொகத்தப் பாத்து எழுதியிருக்காங்க. இத அனுப்ப முடியாது."

"அனுப்பினா என்ன டீச்சர்? நல்லாத்தான இருக்கு?"

"இப்பவே எல்லாரும் அஞ்சு. வருசக் கடைசில முன்னேற்றத்த எங்கன போய்க் காட்டுவீங்க?"

அந்தக் கேள்வி அவரை மடக்கிவிட்டது. மறுபடி எடுக்கச் சம்மதித்தார். இந்த முறை பெயர் எழுத வேண்டாம் என்று டீச்சர் சொன்னார். ஆசிரியர்கள் எல்லாரும் வகுப்பைவிட்டு வெளியே போய்விட வேண்டும். எழுதிய தாளை மடித்துப் பிள்ளைகளே ஒரு பிஸ்கட் டின்னில் போட வேண்டும். ஒரே ஒரு கேள்வியை அவராகச் சேர்த்தார். நீ பள்ளிக்கு வருவது நடந்தா, சைக்கிளிலா, பஸ்ஸிலா?

ஒரு வாரம் உட்கார்ந்து எண்ணினார். பஸ்ஸில் வருகிற பிள்ளைகளின் மதிப்பெண் மற்றவர்களைவிட மிகவும் கீழே இருந்தது. "ஏன்னு தெரியல சார். பாத்துட்டு வருவோம், வாங்க" என்று என்னையும் கூட்டிக்கொண்டு, மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்ததும் குருவிகுளம் பக்கம் போகிற பஸ்ஸுக்காகப் பிள்ளைகளோடு நின்றார். பஸ் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நாங்களும் ஏறினோம். பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி எங்களுக்கு முன் இருக்கையில் இருந்தாள். அவளுடையது இளையரசனேந்தலுக்கு அந்தப் பக்கம் இறங்கி நடக்க வேண்டிய ஊர். டீச்சர் அவளிடம் நேராகக் கேட்டார்.

"தினமும் இந்த பஸ்தானா?"

"ஸ்பெஷல் கிளாஸ் இல்லன்னா முந்தின பஸ்ஸப் புடிச்சிருவேன் டீச்சர். இது போய்ச் சேர இருட்டிருதுலா. இறங்கி காட்டுப் பாதைல நடக்கணும். நாலு மணியில இருந்து அதே நெனப்புதான். சார் நடத்துதது ஒண்ணும் காதுல ஏறாது."

"காலைல?"

"காலைல எட்டு மணிக்கே கொண்டாந்து இறக்கிருவான். கேட் தொறக்கிற வரைக்கும் வெளிய உக்காந்திருப்போம்."

மறுவாரமே டீச்சர் தலைமையாசிரியரிடம் பேசினார். பஸ் பிள்ளைகளுக்குச் சிறப்பு வகுப்பு காலை எட்டரைக்கு மாறியது. முதல் ஆளாக வந்து கேட்டைத் திறக்கச் சொன்னவரும் வகுப்பெடுத்தவரும் அவர்தான். அவர் வீட்டில் இது எந்த அளவுக்குச் சிரமமாக இருந்தது என்று நான் விசாரித்ததில்லை.

அடுத்தது ஆசிரியர்களின் படிவம். இங்கே என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் பாடவாரியாகத் தேர்ச்சி பெறாதவர்களின் எண்ணிக்கையை வாசிப்பார். கூடவே பாட ஆசிரியரின் பெயரையும் வாசிப்பார். என் பெயர் தொடர்ந்து வந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்தே எனக்குச் சாப்பாடு இறங்காது. விருப்ப ஓய்வுக் கடிதம் எழுதி மேசைக்குள் வைத்திருந்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. படிவத்தின் அடியில் 'வேறு ஏதேனும்' என்று விட்டிருந்த இடத்தில், "திங்கட்கிழமைகளில் இந்தக் கட்டடத்துக்குள் நுழையப் பயமாக இருக்கிறது" என்று எழுதி டின்னில் போட்டேன்.

டீச்சர் மதிப்பெண்களைக் கூட்டிக் குறித்துக்கொண்டு, எல்லாருடைய குறிப்புகளையும் தன் கையெழுத்தில் ஒரு தாளில் படியெடுத்தார். பிறகு அசல் படிவங்களை ஆசிரியர் அறையில் எங்கள் கண்முன்பாகவே ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுக் கூழாக்கினார். படியெடுத்த தாளைத் தலைமையாசிரியர் வாசித்தபோது நான் அறையின் மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

"இந்தத் திங்கட்கிழமை சமாசாரத்த எழுதினது யாரு?"

எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், நீங்க கையெழுத்தப் பாத்திருப்பீங்க. உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும் சார்."

"யாரு?"

"சொல்ல மாட்டேன்."

தெரியாது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. பள்ளி ஆவணங்களை அழித்ததற்கு விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ வந்தது. "பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்து வாங்கிய தாள்கள், ஆகவே அழித்தேன்" என்று ஒற்றை வரியில் பதில் எழுதிக் கொடுத்தார். அந்த மெமோ அவர் பணிப்பதிவேட்டில் ஏறியது. மூன்று வாரம் கழித்துத் திங்கட்கிழமை வாசிப்பு நின்றது. ஏன் நின்றது என்று எவரும் அறிவிக்கவில்லை. டீச்சர் அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. நானும் நன்றி சொல்லவில்லை. கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

பிப்ரவரியில் மறுபடி அளந்தார். பஸ் பிள்ளைகளின் மதிப்பெண் நன்றாக ஏறியிருந்தது. நடந்து வருகிறவர்களிடம் மாற்றம் இல்லை. ஆசிரியர்களுடையது முன்பைவிடச் சற்றுக் குறைந்திருந்தது. தலைமையாசிரியர் சலித்துப்போனார். தமிழ் கோமதி டீச்சர் ஒரு யோசனை சொன்னார். "முதல்ல பயந்துகிட்டு நல்லா இருக்கோம்னு போட்டிருப்பாங்க. இப்பத்தான் தைரியமா நெசத்தச் சொல்லுதாங்க. அதயே முன்னேற்றம்னு எழுதிருங்களேன்." கேட்டவர்களுக்கெல்லாம் அது நியாயமாகப் பட்டது.

கணக்கு கோமதி டீச்சர் எண்ணிக்கைத் தாளைத் திரும்பப் பார்த்தார். "அப்படியும் இருக்கலாம். உண்மையிலேயே மோசமாவும் ஆகியிருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாதத எப்படி எழுத?" என்றார். அறிக்கையிலும் 'காரணம் தெரியவில்லை' என்றே எழுதினார். அடுத்த ஆண்டு பொறுப்பு வேறொருவருக்குப் போயிற்று. மதிப்பெண்கள் உயர்ந்தன. பாராட்டுக் கடிதம் வந்து அலுவலகச் சுவரில் ஏறியது.

பொறுப்பு போன பிறகும் டீச்சர் அளப்பதை விடவில்லை. தன் வகுப்புகளில் மட்டும் துண்டுச் சீட்டுக் கொடுத்து ஒரே கேள்வி கேட்டார். கணக்கு வகுப்பில் எழுந்து 'புரியவில்லை' என்று சொல்லப் பயமா? ஒரு நாள் மதிய இடைவேளையில் சீட்டுகளை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். "சார், இத ஒருக்க எண்ணுங்க. நான் தப்பா எண்ணியிருக்கேன்னு நெனைக்கேன்."

இரண்டு முறை எண்ணினேன். 'ஆமாம்' என்ற சீட்டுகள் மற்றவற்றைப் போல மூன்று பங்கு இருந்தன. ஒரு சீட்டில் மட்டும் வாக்கியமாக எழுதியிருந்தது. "டீச்சர் அடிக்க மாட்டாங்க. ஆனா பாப்பாங்க."

"சரியாத்தான் எண்ணியிருக்கீங்க டீச்சர்" என்றேன்.

அவர் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "இத்தன வருசத்துல என் கிளாஸ்ல யாருமே எந்திரிச்சுப் புரியலன்னு சொன்னதில்ல சார். எல்லாருக்கும் புரியுதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. நான் அறிந்து அவர் வகுப்புக்குத் தாமதமாகப் போனது அந்த ஒரு நாள்தான்.

அதன் பிறகு பிள்ளைகள் கணக்குப் போடும் நேரத்தில் வகுப்பின் பின்பக்கம் போய் நின்றுகொள்ள ஆரம்பித்தார். "மொகத்த மாத்த முடியாது. அவங்க பார்வையில படாமலாவது நிக்கலாம்லா?" என்று என்னிடம் சொன்னார். கேள்விகளைப் பெயரில்லாமல் எழுதி மேசையில் வைக்கலாம் என்று அறிவித்தார். அரை வருடம் மேசை காலியாக இருந்தது. ஒவ்வொரு ஜூனிலும் பிப்ரவரியிலும் சீட்டுக் கொடுத்து எண்ணினார். ஒரு வருடம் பயம் குறையும், மறு வருடம் புதுப் பிள்ளைகள் வந்ததும் ஏறிவிடும். ஏறியதையும் அதே குரலில் எனக்குச் சொன்னார்.

அவருடைய கடைசி ஆண்டில் என் வகுப்பு அவர் வகுப்புக்கு அடுத்த அறை. நடுவில் அரைச்சுவர்தான். ஒரு நாள் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பையனின் குரல் கேட்டது. "டீச்சர், புரியல."

நான் பாடத்தை நிறுத்திவிட்டேன்.

"எந்த வரியில இருந்து?"

"மொத வரியில இருந்தே டீச்சர்."

வகுப்பு முழுவதும் சிரித்தது. டீச்சரும் சிரித்தார். அவர் சிரிப்பு எனக்குப் பழக்கமில்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. இடைவேளையில் பார்த்தபோது நானே பேச்செடுத்தேன். "ஒருத்தன்தான சார். அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். ஆனால் அன்றைக்கு எனக்கும் சேர்த்து டீ வாங்கிவரச் சொன்னார்.

செய்தி வந்த அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். பழைய மாணவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் சற்றுத் தள்ளியே நின்றார்கள். மகள் சென்னையிலிருந்து வந்து சேர்ந்திருந்தாள். என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். "சார், அம்மா வீட்டுல ஸ்கூலப் பத்திப் பேசவே மாட்டாங்க. அங்க சந்தோஷமா இருந்தாங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சாவு வீட்டில் அதைத்தான் சொல்வார்கள். எப்படி இருக்கிறோம் என்று எங்கள் எல்லாரையும் கேட்டவர் அவர். மெமோ வாங்கிய அன்றும், பொறுப்பைப் பறித்த அன்றும், அந்தச் சீட்டைப் படித்த அன்றும் பக்கத்து நாற்காலியில் நான் இருந்திருக்கிறேன். எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு தடவைகூட நான் அவரைக் கேட்டதில்லை.

"தெரியாதும்மா. நான் கேட்டதே இல்ல" என்றேன். ஒரு நாள் அவர் சிரித்ததை மட்டும் சொன்னேன். மகள் அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

கோமதி டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பவை இரண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்வது ஒன்று. கேட்டால் பதில் வரும்வரை நிற்பது இன்னொன்று. முதலாவது எனக்கு ஓரளவு வரும். இரண்டாவதை இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். அவர் இடத்துக்கு வந்திருக்கும் கணக்காசிரியை வயதில் சிறியவர், கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வருகிறவர். போன திங்கட்கிழமை அவரிடம், "எப்படி இருக்கீங்க டீச்சர்?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கேன் சார்" என்றார்.

நான் போகவில்லை. அவர் நோட்டுகளை அடுக்கினார், எடுத்தார், மறுபடி அடுக்கினார். பிறகு, "இல்ல சார்" என்றார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.