கம்ப்யூட்டர் மேல் ஒரு உப்பு முடிச்சு

எனக்குப் பொறுமை கிடையாது. கல்யாணமாகி மரக்காணத்துக்கு வந்தபோது கூடவே கொண்டுவந்த என் பிராண்டட் கம்ப்யூட்டருக்கோ பொறுமையைத் தவிர வேறொன்றும் கிடையாது. கட்டப்போகிற வீட்டுக்குள் நடந்து பார்ப்பது மாதிரி வீடியோ செய்து சென்னை ஆபீஸுக்கு அனுப்புவது என் வேலை. ஒரு படிக்கட்டைத் திருப்பச் சொன்னால் போதும், அது யோசிக்க ஆரம்பித்துவிடும். நான் எழுந்து வாசலுக்குப் போவேன், உப்பளத்தைப் பார்ப்பேன், திரும்பி வருவேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும், சனியன்!

“இப்படியே லேட் ஆச்சுன்னா சென்னைக்கே வந்து உட்காருங்க மேடம்” என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். உப்பளத்தை விட்டுவிட்டு வீட்டுக்காரர் அங்கே வர முடியாது. வேலையை விட்டுவிட்டு இங்கே இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

“கிராபிக்ஸ் கார்டை மட்டும் பெருசா மாத்தேன். கரை உடைஞ்சா மண்ணு வெச்சு அடைக்கிறோம், புதுப் பாத்தியா வெட்டறோம்?” என்றார் அவர்.

பாண்டிச்சேரி கடையில் மூடியைக் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். பெரிய கார்டை உள்ளேயிருக்கும் பவர் சப்ளை தாங்காதாம். அதை மாற்றலாமென்றால், ஒயரின் முனை அதைச் செய்த கம்பெனியின் போர்டுக்கு மட்டுமே பொருந்துமாம். வெளியாள் யாரும் கை வைக்கக்கூடாதென்றே செய்திருக்கிறான் பாவி! அங்கேயே முடிவு பண்ணினேன், நானே ஒன்றைச் சேர்த்துக் கட்டுவதென்று.

ஒவ்வொரு பாகமாக வாங்கிவந்து தரையில் பரப்பினேன். “இது எங்க போகுது, இது எங்க போகுது” என்று டார்ச் பிடித்தபடி அவர் என் உயிரை வாங்கினார். பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது, திரை எரிந்தது. அப்பாடா!

“இந்த ஊர்ல இப்பதாங்க எனக்குன்னு ஒரு வீடு!” என்று கத்தினேன். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு அளத்துக்குக் கிளம்பினார்.

அடுத்து ஒரு பெரிய வேலை வந்தது, திங்கட்கிழமைக்குள் அனுப்பியே ஆக வேண்டும். சனிக்கிழமை காலை திரையில் கோடு கோடாக ஓடி, எல்லாம் இருட்டிவிட்டது. கரண்டை நிறுத்திவிட்டுப் பார்த்தால், கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில், ஃபேன் வலைக்கு மேலே, பின்பக்கமாக ஒரு மஞ்சள் துணி முடிச்சு. சொட்டச் சொட்ட ஈரம். அந்த ஈரம் வலை வழியாக இறங்கி, கீழே புதுக் கார்டு பச்சையும் வெள்ளையுமாக அரித்துப் பூத்திருந்தது. முடிச்சை அவிழ்த்தேன். கல்லுப்பு.

அளத்திலிருந்து வந்தவர் முன்னால் அதை நீட்டினேன்.

“நான்தான் வெச்சேன். புது வீடுன்னா முதல்ல உப்பு வெக்கணும்ல? நீதானே இத உன் வீடுன்னு சொன்ன.”

“கடல்காத்துல உப்பு தண்ணி விடும்னு உப்பு விளைவிக்கிற மனுஷனுக்குத் தெரியாதா?”

“தெரியும். இறுக்கமாதான் கட்டினேன்.” துணியை வாங்கித் திரும்ப முடிந்துகொண்டே, “நீ கிளம்பிப் போயிடுவியோன்னு பயமா இருந்துச்சு” என்றார்.

திட்டுவதற்கு எவ்வளவோ வைத்திருந்தேன். அழுகைதான் வந்தது.

அவர் பரண்மேல் ஏறிப் பழைய கம்ப்யூட்டரை இறக்கினார். அதிலிருந்த சின்னக் கார்டு ஒன்றுதான் எதிலும் பொருந்துகிற ஜாதி. கழற்றிப் புதியதில் செருகினேன். அதன் தகடு குட்டை, திருகு எட்டவில்லை. அவர் சாக்கு தைக்கிற சணல் கயிற்றால் இழுத்துக் கட்டினார். திரை எரிந்தது. அன்றும் மறுநாளும் வீடியோ ஊர்ந்து ஊர்ந்து ஓடியது. நான் வாசலுக்கும் அறைக்கும் நடந்து நடந்து கால் வலித்தது. திங்கட்கிழமை காலை அனுப்பிவிட்டேன். மதியம் ஆபீஸிலிருந்து அடுத்த வேலை வந்தது.

அவர் உப்பு முடிச்சை எடுத்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தார்.

“எங்க எடுத்துட்டுப் போறீங்க? டேபிள் மேல வைங்க. மெஷின் மேல வெச்சீங்க, அவ்ளோதான்!”