இறக்கிய பின் போட்ட எடை

முதலில் வீங்கியது கால்தான். செருப்பு வார் பதிந்த தடம் மாலைவரை மறையவில்லை. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையின் கரும்பு எடைமேடையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சாப்பாடு பாதியாகக் குறைந்தும் ஒரே வாரத்தில் நான்கு கிலோ கூடியிருந்தேன். அது எனக்குப் பொறுக்கவில்லை.

கள்ளக்குறிச்சி டாக்டர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். இரண்டு சிறுநீரகங்களும் ஓய்ந்துவிட்டன, இனி திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் (இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, மீண்டும் உடம்புக்குள் விடுவது) என்றார். எத்தனை மாதத்துக்கு என்று கேட்டேன். அவர் என் மனைவி எஸ்தரைப் பார்த்தார்.

இதைப் படிக்கும் உங்களில் சிலர் அதே டயாலிசிஸ் நாற்காலியில் இருப்பீர்கள். இடது கையில் இரண்டு ஊசி, வலது கையில் இரத்த அழுத்தப் பட்டை. நான்கு மணி நேரம் எழுந்திருக்க முடியாது. நான் கூரைச் சதுரங்களை எண்ணினேன். நாற்பத்தெட்டு. கறை பிடித்தவை ஆறு. ஜன்னலில் கல்வராயன் மலையின் ஒரு துண்டு தெரியும். அதில் எண்ண ஒன்றுமில்லை என்று அதன்மேல் எனக்கு எரிச்சல்.

பக்கத்து நாற்காலி நைனார்பாளையத்து விவசாயி மாணிக்கத்துடையது.

"இன்னா கணக்குப்புள்ள, ஏழாவது கறை வந்துச்சா?" என்பார்.

"நக்கலா? ஒங்க வேலையப் பாருங்க."

"எனக்கு இன்னா வேல? ஒன்ன மாதிரி கட்டிப்போட்டுக்கினு கெடக்கறன். ஒன் சாமிகிட்ட சொல்லி ரெண்டு பேரையும் அவுத்துவுடச் சொல்லு."

சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். எங்கள் சபையில் ஒவ்வொரு ஞாயிறும் என் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். நானோ டாக்டர் அனுமதித்த நாளுக்கு அரை லிட்டர் தண்ணீரை மிடறு மிடறாக அளந்துகொண்டு, பதில் வரத் தாமதமாவதாகக் கர்த்தரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை இரத்தப் பரிசோதனைத் தாள் கைக்கு வந்தது. கிரியாட்டினின் (இரத்தத்தில் தேங்கும் கழிவின் அளவு) எனக்கு எப்போதும் ஒன்பதுக்கு மேல் இருக்கும். அன்று மூன்று புள்ளி நான்கு. எண் பொய் சொல்லாது என்று நம்பி வாழ்ந்தவன் நான். யாரையும் கேட்கவில்லை. எஸ்தரிடம் காட்டினேன். அவள் அழுதாள். மாணிக்கத்துக்குப் போன் செய்து, "எனக்கு எறங்கிடுச்சுங்க, இனிமே வரமாட்டன்" என்றேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பெயர் சொல்லி ஜெபிக்கப்பட்டவர் குணமானால், முன்னால் வந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். அன்று சபைக்கெல்லாம் அவர் வீட்டுச் சோறு. வரும் ஞாயிறு என் சாட்சி என்று போதகர் அறிவித்துவிட்டார். நான் டயாலிசிஸுக்குப் புதனும் போகவில்லை, வெள்ளியும் போகவில்லை.

சனிக்கிழமை காலை மூச்சு நின்று நின்று வந்தது. படுக்க முடியவில்லை. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. அவசரமாக இயந்திரத்தில் சேர்த்து, மூச்சு சீரானபின் டாக்டர் அந்தத் தாளைக் கையில் எடுத்தார்.

"ஐயா, இது மிஷின் சுத்தம் பண்ணி முடிச்ச அப்புறம் எடுத்த ரத்தம். மிஷின் ஒழுங்கா வேல செய்யுதான்னு பாக்கறதுக்கு. ஒங்க கிட்னி இதுல ஒண்ணும் பண்ணலைங்க."

கரும்பை இறக்கிய பிறகு மேடையேறிய டிராக்டரின் எடையைப் பார்த்து, இந்த வண்டியில் பாரமே வரவில்லை என்று எழுதியவன் போலாகிவிட்டேன். என் தொழிலில் யாரும் செய்யாத தவறு.

"இதயமும் தளர்ந்திருக்கு. இனிமே ஒரு நாள்கூட வுடாதீங்க" என்றவர், வெளியே போகும்போது திரும்பினார். "ஆமா, மாணிக்கமும் வெள்ளிக்கிழமை வரல. கணக்குப்புள்ளைக்கு நின்னுடுச்சு, நானும் அந்தக் கோயிலுக்கே போறன்னு நர்ஸுகிட்ட சொன்னாராம்."

மாலை வீடு திரும்பியதும், மறுநாள் விருந்துக்கு வாங்கிய அரிசியைப் பார்த்தபடி எஸ்தர் உட்கார்ந்தாள். "நாளைக்கு இன்னாங்க பண்றது?"

"ஒடம்பு முடியலன்னு படுத்துக்கறன். நீ போய்ச் சொல்லிடு."

"நீங்க படுத்துக்குவீங்க. அந்த மனுசனுக்கு யாரு சொல்றது? ஆஸ்பத்திரியில இருந்தே போன் போட்டுக்கினு இருக்கன், எடுக்கவே இல்ல."

ஞாயிறு போனேன். முன்னால் நின்றபோது கடைசி பெஞ்சில் மாணிக்கம் தெரிந்தார். முகம் ஊதி, கண்கள் கோடாகச் சுருங்கியிருந்தன. அவர் கைகூப்பியிருந்தது என்னைப் பார்த்து. சபை என் வாயையே பார்த்தது. உண்மையைச் சொன்னால் இவர்கள் ஜெபம் என்னாகும்? சொல்லாவிட்டால் அந்த மனிதர் என்னாவார்? இயந்திரத்தில்கூட நான் அவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டதில்லை.

"எனக்குக் குணமாகல" என்றேன். "தாளைத் தப்பாப் படிச்சிட்டன். நேத்து சாகக் கெடந்தன். நாளைக்கு மறுபடியும் ஊசி குத்திக்கப் போறன். கர்த்தர் என்ன உட்டுட்டாருன்னு நான் சொல்லல. இன்னிக்கி மூச்சு வுடறன், அதுக்கு ஸ்தோத்திரம். மாணிக்கம், ஆஸ்பத்திரிக்குப் போங்க. இப்பவே போங்க."

போதகர் எழுந்து, "நானும் தாளப் பாக்காமலே கை தட்டிட்டன்யா" என்றபடி தன் கார் சாவியை எடுத்தார்.

மாணிக்கத்தைக் கைத்தாங்கலாக ஏற்றினோம். "அடப்பாவி கணக்குப்புள்ள, ரெண்டு பஸ்ஸு மாறி வந்தன்" என்று மூச்சிரைத்தார். "ஒரு வாய் கறிசோறு துன்னவுடாம தொரத்தறியே."

மறுநாள் அவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அடுத்த கரும்பு வெட்டு முடியும்வரை இருந்தார். போன மாதம், அவர் வீட்டில், இதயம் நின்றது. இப்போது அந்த நாற்காலியில் வேறொருவர். அவர் என்னிடம் பேசுவதில்லை.

எனக்கும் முடிவு தூரத்தில் இல்லை. இந்த நாற்காலியிலிருந்து இறக்கிவிடப்படும் வழி ஒன்றுதான் என்று தெரியும். பயம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சிலுவைக்கு முந்தின இரவு இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்தை இப்போது வேறு விதமாக நினைக்கிறேன். பாடுகளின் பாத்திரம் நீங்க வேண்டும் என்று ஆண்டவரே கேட்டார். அது நீங்கவில்லை. அவர் எழுந்து நடந்தார். கேட்டது எப்படி ஜெபமோ, எழுந்து நடந்ததும் அப்படியே ஜெபம். நம்மால் நடக்க முடியாத நாட்களில், ஊசிக்குக் கையை நீட்டுவதும் அதில் சேரும் என்று நம்புகிறேன். நீங்களும் நீட்டுங்கள்.

என் வாரத்துக்கு இப்போது ஏழு நாள் இல்லை. நாற்காலி நாள், இடைநாள், அவ்வளவுதான். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில்தான் நீண்ட இடைவெளி. அதனால் ஞாயிறன்று உடம்பில் நீர் ஏறிக் கால் கனக்கும். அந்தக் காலோடுதான் அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்துக்கு எழுந்து போகிறேன். மற்றபடி ஒவ்வொரு சொட்டையும் இன்னும் அளக்கிறேன். திருவிருந்துக் கிண்ணத்திலிருந்து குடிக்கும் அந்த ஒரு மிடறை மட்டும் நான் அன்றைய கணக்கில் சேர்ப்பதில்லை.