இடது கையில் ஒரு கோடு

அவனியாபுரத்து லாரி பாடி பட்டறைகளில் கருத்தக்கண்ணனைத் தெரியாதவர் இல்லை. வெல்டிங் ஹோல்டரை இடது கையில் பிடித்து அவர் பற்றவைத்த இடம், லாரியே காயலான் கடைக்குப் போனாலும் விடாது. மற்ற எல்லாவற்றுக்கும் வலது கைதான். சின்ன வயதில் இடது கையால் சோற்றைத் தொட்டபோதெல்லாம் அம்மா கரண்டியால் போட்ட போடு அப்படி. அந்தக் கையால் யாருக்கும் ஒரு வெற்றிலையைக்கூட அவர் நீட்டியதில்லை.

நாற்பத்தெட்டு வயதில் இதயத்தில் மூன்று அடைப்பு என்றார்கள். பைபாஸுக்கு முந்தின நாள், அடைப்பைச் சுற்றி வைத்துத் தைக்க உடம்பின் வேறு இடத்திலிருந்து ரத்தக்குழாய் எடுக்கும் பொறுப்பிலிருந்த பவதாரிணி வந்தாள்.

“அண்ணே, எந்தக் கையில சாப்பிடுவீங்க?”

“வலது கைலதான் தாயி.”

பொய்யில்லை. இந்த ஊரில் வேறு எந்தக் கையால் சாப்பிட முடியும்? அதிகம் புழங்காத கை இடதுதான் என்று எண்ணி, அவள் அதை எடுத்து இறுக்கி மூடச் சொன்னாள். மணிக்கட்டின் இரண்டு ஓரங்களிலும் விரல்களால் அழுத்திக்கொண்டு, “இப்பத் திறங்க” என்றாள். உள்ளங்கை சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துக் கிடந்தது. சுண்டுவிரல் பக்கத்துப் பிடியை மட்டும் விட்டாள். கண் இமைப்பதற்குள் கை முழுவதும் சிவந்தது.

“கைக்கு ரெண்டு வழியா ரத்தம் வருதுண்ணே. கட்டைவிரல் பக்கத்துக் குழாயை எடுத்துட்டாலும் இன்னொண்ணு காப்பாத்திரும்.”

கருத்தக்கண்ணன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருடம் கூடவே இருந்த கை, இப்படி ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்திருக்கிறதே!

பவதாரிணி மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மார்க்கரால் கோடு போட்டாள். அதே நேரம் பிளாஸ்க்கோடு உள்ளே வந்த சீனியம்மாள் அதைப் பார்த்துப் பதறினாள்.

“ஏத்தா, இந்தக் கையவா அறுக்கப் போறீங்க? எம் புருசன் வேலை பாக்குறதே இந்தக் கைலதான்!”

பவதாரிணியின் முகம் வெளிறிவிட்டது. “எந்தக் கையில வேலை பாப்பீங்கன்னு கேட்டிருக்கணும். எம் மேலதான் தப்புண்ணே” என்றவள், ஓடிப்போய்ப் பெரிய டாக்டரை அழைத்து வந்தாள்.

டாக்டர் வலது கையில் அதே சோதனையைச் செய்தார். வெளுத்த கை வெளுத்தபடியே இருந்தது. மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் ஒரு பழைய தழும்பு. இருபது வருடத்துக்கு முன் தகரம் கிழித்தது.

“அன்னைக்கே இந்தப் பக்கத்துக் குழாய் போயிருக்கு. அதுலேர்ந்து இந்தக் கை ஒத்தை வழியிலதான் வாழுது. இதைத் தொடவே கூடாது.”

தினமும் சோறு அள்ளிப்போட்ட கையை அவர் புதிதாகப் பார்த்தார். ஒரு நாள்கூட முனகியதில்லையே இது. கண் கலங்கிவிட்டது.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். முதல் அடைப்புக்கு நெஞ்சுக்குள்ளேயே இருக்கும் குழாய். அதுதான் ரொம்ப காலம் உழைக்கும். மூன்றாவதற்குக் காலிலிருந்து எடுக்கும் ரத்த நரம்பு. நடுவில் உள்ளதற்கு இடது கைக் குழாய், வேண்டாமென்றால் அதற்கும் கால் நரம்பு. கால் நரம்பு பத்து வருடத்தில் அடைத்துக்கொள்ளக் கூடும். கைக்குழாய் பெரும்பாலும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் கட்டைவிரல் மரத்துப்போக வாய்ப்புண்டு.

“கால்லயே எடுக்கச் சொல்லுங்க” என்று கெஞ்சினாள் சீனியம்மாள். “கை மரத்துட்டா இவரு ஒடஞ்சு போயிருவாரு.”

கருத்தக்கண்ணன் இடது கையைப் பவதாரிணியிடம் நீட்டினார். “இன்னொரு தடவ காட்டு தாயி.”

கை வெளுத்தது. விட்டதும் ரத்தம் குபுகுபுவென்று திரும்பி வந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எடுத்துக்கங்க டாக்டர். இம்புட்டு வேகமா வாரது, ஹோல்டரப் பிடிக்கவும் வரும்.”

மூன்று மாதம் கழித்துப் பட்டறைக்குப் போனார். கட்டைவிரலின் பின்புறம் லேசாக மரத்திருந்தது. முதல் நாள் கை கொஞ்சம் தடுமாறியது. நாலாம் நாள் ஒரு முழ நீளத்துக்குக் கோணாமல் பற்றவைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி நெஞ்சைத் தடவிப் பார்த்தார். அம்மா அடித்த அந்தக் கையின் ஒரு துண்டு உள்ளே உட்கார்ந்து அவரை வாழவைத்துக்கொண்டிருக்கிறது. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அடுத்த செக்கப்புக்குப் போனபோது பால்கோவா டப்பாவை எடுத்துப் பவதாரிணியிடம் நீட்டினார், இடது கையால்.

“ஏங்க, சோத்துக்கையில குடுங்க!” என்று சீனியம்மாள் அதட்டினாள்.

“இருக்கட்டும்டி. எனக்கு உசுரு குடுத்த கை, இதையும் குடுக்கட்டும்.”

பவதாரிணி இரண்டு கைகளையும் ஏந்தி வாங்கிக்கொண்டாள்.