சகலையின் பெட்ரோல் வண்டி

பால் டேங்கர் ஓட்டும் அவருக்குத் தன் சகலையை நினைத்தாலே வயிறு எரியும். இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். ஓட்டுவதும் ஒரே நீள வண்டிதான். சகலை ஏற்றுவது பெட்ரோல் என்பதால் சம்பளம் மட்டும் இரண்டு மடங்கு. பொறாமை தூரத்து ஆள்மேல் வருவதில்லை.

“பாலுக்கு ஒரு ஸ்டியரிங், பெட்ரோலுக்கு ஒரு ஸ்டியரிங்கா?” என்று வீட்டில் பொருமுவார்.

“அப்ப நீங்களும் பெட்ரோல் வண்டி லைசென்ஸ எடுங்களேன். யாரு கையப் புடிச்சா?” என்றாள் மனைவி.

எடுத்தார். சகலையே சிபாரிசு செய்து பெட்ரோல் டிப்போவுக்கு வேலைக்கு அழைத்துப் போனார். அங்கே டேங்கரில் பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. பயிற்சியில் சொன்னதைக் கை மறந்தது. எதுவரை நிரம்பியிருக்கிறது என்று சத்தத்தில் அறிய, பால் வண்டிப் பழக்கத்தில், இரும்பு ஸ்பானரால் டேங்கைத் தட்டினார்.

“யோவ்! ஒரு பொறி பறந்தா எல்லாரும் சாம்பல்யா!” என்று அலறிய மேற்பார்வையாளர் அவரை அப்போதே வெளியே அனுப்பிவிட்டார்.

வாசல்வரை வந்த சகலை மெதுவாகச் சொன்னார்: “விடுங்க சகல. வீட்ல கேட்டா, இடம் காலியில்லன்னு நானே சொல்லிக்கிறேன்.”

சொன்னபடியே சொல்லியும் விட்டார். மறுநாள் பால் வண்டியில் ஏறியபோது இவருக்கு அந்த இரட்டைச் சம்பளம் நினைவுக்கு வரவில்லை. சகலையின் நல்ல குணம்தான் வயிற்றை எரித்தது.