கூட்டி அள்ளிய தீவனம்

ஊரில் அவருக்குச் சக்கைக்காரர் என்று பெயர். பழரசக் கடைச் சக்கை, கிழங்கு மில்லின் தோல், ரொட்டிக்கடையில் விற்காமல் காய்ந்த துண்டு என்று அடுத்தவர் வேண்டாமென்று தள்ளுகிற எதையும் தன் செம்மறிகளுக்குத் தீனியாக்கிவிடுவார். காசு கொடுத்துத் தீவனம் வாங்கினால் ஆடு கொழுக்கும், ஆள் இளைப்பான் என்பது அவர் கட்சி.

ஓசிதானே என்று கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர் இல்லை. தானமாய் வந்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஆள். வளைத்தால் ஒடிகிற அளவுக்குக் காயாத கிழங்குத் தோல் கொட்டிலுக்குள் வராது. புதிதாக எது வந்தாலும் முதலில் தானே வாயில் போட்டு மென்று பார்ப்பார். அப்புறம் ஒரு கிடாவுக்கு மட்டும் கொஞ்ச நாள் கொடுத்து, புழுக்கை இறுகுகிறதா இளகுகிறதா என்று குனிந்து பார்ப்பார். அந்தக் கிடாவுக்கு அவர் மனைவி முதல் பந்திக்காரர் என்று பெயர் வைத்திருந்தாள்.

இந்தச் சோதனை எதுவும் இல்லாமல் உள்ளே நுழைந்தது ஒரே ஒரு சரக்கு. அது மச்சினன் கொடுத்தது.

மச்சினன் கோழித்தீவன மில்லில் மேஸ்திரி. தரையில் சிந்துவதைக் கூட்டி அள்ளி மூட்டை மூட்டையாக அனுப்பினான். மக்காச்சோளமும் புண்ணாக்குமாக நல்ல வாசனை. கோழிக்குக் கலக்கிற தாது உப்பு எதுவும் இதில் சேரவில்லையே என்று பேச்சுக்கு ஒரு வார்த்தை கேட்டார். அதெல்லாம் வேறு கொட்டகையில் கலப்பது என்றான். அக்கா கையால் சாப்பிட்டு வளர்ந்தவன் பொய் சொல்வானா? மனம் குளிர்ந்து, பால் மறந்த இரண்டு குட்டிகளை அவனுக்குப் பிடித்துக் கொடுத்தார்.

மாதங்கள் போயின. ஆடுகள் மினுமினுவென்று இருந்தன. மூட்டையை உலுக்கினால் போதும், மூத்த பெட்டை முன்னே ஓடிவரும், மந்தை பின்னாலேயே வரும். திடீரென்று ஒரு பெட்டை தீனியை விட்டது. கண் மஞ்சளாகி, மூத்திரம் டிகாஷன் போல இறங்கி, மறுநாள் செத்தது. அடுத்தடுத்து இன்னும் சில. கால்நடை டாக்டரம்மா ஒன்றை அறுத்துப் பார்த்துவிட்டு, என்ன தீனி என்று விசாரித்தார்.

"கோழித் தீவனத்துல செம்பு இருக்கும். கோழி தாங்கும், செம்மறி தாங்காது. ஈரல் அதைச் சேர்த்து வச்சுக்கிட்டே இருக்கும். வெளிய ஒண்ணும் தெரியாது. ஒருநாள் மொத்தமா ரத்தத்துல கொட்டிடும்."

மிச்சமிருப்பவை பிழைக்க வேண்டுமானால் அந்த மூட்டையை இன்றோடு நிறுத்த வேண்டும் என்றார்.

தம்பிக்குத் தெரிந்திருக்காது என்றாள் மனைவி. அவரும் அப்படித்தான் நினைத்தார். அவர் பதறியதே அந்த இரண்டு குட்டிகளை நினைத்துத்தான். பாவம், அவனும் அதையேதானே போட்டுக்கொண்டிருப்பான் என்று சைக்கிளை அழுத்திக்கொண்டு போனார்.

குட்டிகள் வளர்ந்து கொழுகொழுவென்று நின்றன. முன்னால் கடலைக்கொடியும் பச்சைத் தழையும் கிடந்தன. சுவரோரம் அவருக்கென்று கட்டி வைத்த மூட்டைகள் இருந்தன. ஒன்றுகூட அவிழ்க்கப்படவில்லை.

"இதுங்களுக்கு ஏன்டா அதைப் போடல?"

மச்சினன் பிடரியைச் சொறிந்தான். செம்மறிக்கு ஆகாது என்று மில்லில் அப்போதே சொன்னார்களாம். குப்பையை அப்புறப்படுத்துகிற வேலையை முதலாளி இவன் தலையில் கட்டிவிட்டாராம்.

"சொன்னா நீங்க எடுத்திருக்க மாட்டீங்க மாமா."

கழுத்தை அறுத்தவன் இவ்வளவு சாதாரணமாகப் பேசுவான் என்று அவர் நினைத்ததில்லை.

"ஆடு பகை, குட்டி உறவாடா?" என்றார். அவன் குட்டிகளைப் பார்த்தானே தவிர அவரைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் மிச்ச மூட்டைகளை இழுத்துப்போய்க் குழியில் கொட்டினாள்.

அவர் தழை ஒடித்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனார். மூத்த பெட்டை தழையை முகர்ந்து பார்த்துவிட்டு விலகியது. மூட்டை இருந்த மூலைக்குப் போய் நின்று, அவரைத் திரும்பிப் பார்த்துக் கத்தியது. அதைத் தின்னப் பழக்கியது அவர் கைதான்.